வெறும் வயிறு

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஐஸ்பெட்டி. ரத்த மாதிரிக் குப்பிகள் அடுக்கிய உறைபெட்டியைத் திறந்து ஒருமுறை பார்க்காமல் அவர் வீட்டுக்குக் கிளம்பமாட்டார். முகமும் அப்படித்தான் என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவருடைய ஆய்வகத்தில் இருபது வருடம் ரத்தம் எடுத்தவன் நான்.

மூளையின் ரசாயனத்தை அவர் பிடித்த பிடி விடாமல் ஆராய்ந்ததற்குக் காரணம் அவருடைய அண்ணன். காதில் குரல்கள் கேட்டுக் கல்லூரியைப் பாதியில் விட்டவர். பைத்தியம் என்பார்களோ என்று மாத்திரையைத் தொடவே மாட்டார். ஒன்பது வருட உழைப்பில் பேராசிரியர் ஒன்றைக் கண்டுபிடித்தார். மூளை தன் ரசாயனத்தைச் செய்துகொள்ளத் தேவையான ஒரு சத்து, இந்த நோயாளிகளின் ரத்தத்தில் குறைவு. கட்டுரையாகவும் அது வெளிவந்தது. அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. "எனக்கு ஒரு சத்து கம்மி, அவ்வளவுதான். என் தங்கச்சியே கண்டுபிடிச்சா" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். மாத்திரையும் ஒழுங்காக உள்ளே போனது.

ஒருநாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "வார்டுல நோயாளிங்களுக்கு விடியக்காலையிலேயே வெறும் வயித்துல ரத்தம் எடுத்துடறேன் மேடம். ஒப்பிட்டுப் பாக்க நல்லா இருக்கிறவங்கன்னு நம்ம ஆஃபீஸ் ஆளுங்களை வரச்சொன்னா, மூக்குமுட்டச் சாப்பிட்டுட்டு பத்து மணிக்கு ஆடி அசைஞ்சு வராங்க."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "யாருமே வெறும் வயித்துல வரலையா?"

சாப்பிட்டால் அந்தச் சத்து ரத்தத்தில் ஏறும். எல்லோரையும் வெறும் வயிற்றோடு வரவழைத்து மூன்று மாதம் மறுபடி அளந்தோம். வித்தியாசம் போன இடம் தெரியவில்லை. நாங்கள் அளந்தது நோயை அல்ல, காலைச் சாப்பாட்டை. எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. "நேரத்தைக் குறிக்கச் சொல்லாதது என் தப்பு" என்றார் பேராசிரியர். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் அன்றே போனது. அண்ணனிடம் சொல்லத்தான் பயந்தார். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டால்?

பயந்துகொண்டேதான் சொன்னார். ஆய்வகத்திலேயே, என் எதிரில்.

"அப்ப எனக்கு என்னதான் கம்மி?" என்றார் அண்ணன்.

"தெரியலண்ணா. மாத்திரை உனக்குக் கேக்குது. அது மட்டும் தெரியும்."

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே. இனிமே கேட்டா என்ன சொல்ல?"

"தங்கச்சி இன்னும் தேடிக்கிட்டிருக்கான்னு சொல்லு."

அண்ணன் எழுந்து போய்விட்டார். அன்று பேராசிரியர் உறைபெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை நாங்கள் வரும்போது பூட்டிய கதவருகே அண்ணன் நின்றிருந்தார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பேராசிரியர் நேரத்தை எழுதினார், ஆறு நாற்பது.

"ஒண்ணும் சாப்பிடல" என்றார் அண்ணன். "மாத்திரை மட்டும் போட்டிருக்கேன். பரவாயில்லையா?"