கழுத்தில் மஞ்சள்

அண்ணன் அப்பாவோடு கரி இன்ஜின் ரயிலில் போய்த் திருவனந்தபுரத்து மிருகக்காட்சிசாலையைப் பார்த்துவிட்டு வந்த வாரம், நாலாம் வகுப்பில் இருந்த எனக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடி அவன் நோட்டைத்தான் பார்க்க வாய்த்தது. பக்கத்துக்கு ஒரு மிருகம்: பெயர், இனம், குணம். நீர்நாய்க்கு மட்டும் இரண்டு பக்கம். வயிற்றெரிச்சல் தாங்காமல் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். பூனை, எருமை, ஓணான் என்று அதில் தென்காசியே நிறைந்ததே தவிர, அவன் பார்க்காத மிருகம் ஒன்றுகூட இல்லை.

ஆனியில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனபோது அந்தக் குறை தீரும்போல இருந்தது. சீசன் கடைகளுக்குப் பின்னால் ஒருவர் தார்ப்பாய்க்கு அடியில் கூண்டுகளை வைத்து மிருகக்காட்சி நடத்தினார். கடைசிக் கூண்டில் கறுப்பாய், நீள வாலோடு ஒன்று. கழுத்து மட்டும் பளிச்சென்று மஞ்சள்.

"சாமிக்குச் சந்தனக்காப்பு சாத்துன மாதிரில்லா இருக்கு," என்றாள் அம்மா.

அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். "இது கீரிதான் ஏட்டி. கரியையும் மஞ்சளையும் பூசி ஊரை ஏமாத்துதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கீரி அவன் நோட்டில் ஏற்கெனவே இருந்தது.

அவர்கள் மலைப்பாம்பைப் பார்க்க நகர்ந்ததும், குடிக்கக் கொண்டுவந்த கூஜாத் தண்ணீரை அதன் கழுத்தைப் பார்த்து ஊற்றினேன். சாயமென்றால் கரைந்துதானே ஆகவேண்டும். கரையவில்லை. அதைவிட ஆச்சரியம், அது பயந்து ஓடவும் இல்லை. கம்பியில் வழிந்ததை நக்கியது. நெஞ்சு மயிரை நக்கியது. பிறகு அடிப்பலகையை நக்கியது. மூலையில் ஒரு தகரக் குவளை கவிழ்ந்து கிடந்தது. கூஜா காலியாகும்வரை ஊற்றினேன்.

"குடிக்க ஒரு சொட்டு வைக்கலியே ஏட்டி," என்று அம்மா தலையில் குட்டினாள். எனக்கு வலிக்கவே இல்லை. என் மிருகம் நிஜம்.

அன்று வீட்டுக்கு வந்து எழுதினேன்: "குணம்: தண்ணீர் மேல் கொள்ளைப் பிரியம். ஆகவே இனம்: நீர்நாய்க்குச் சொந்தம்." அண்ணன் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

பல வருஷம் கழித்து ஒரு விலங்கியல் புத்தகத்தில் அந்த மஞ்சள் கழுத்தைப் பார்த்தேன். நீலகிரி மார்ட்டென் என்று போட்டிருந்தது. மலைக்காட்டில் யார் கண்ணிலும் லேசில் படாதது. நீர்நாயின் குடும்பமேதான். ஜெயித்துவிட்டேன் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதப் பேனாவை எடுத்தேன். எடுத்த பேனாவை மூடி வைத்தேன்.

இனத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். அருவிச் சத்தம் கேட்கிற இடத்தில் அது தாகத்தோடு கிடந்தது என்பதுதான் எனக்கு அன்று தெரியவில்லை.