வளைகாப்பில் பிரஷர் மிஷின்

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் யாருக்கு எத்தனை மாதம் என்று புருஷனுக்குத் தெரியுமோ தெரியாதோ, சுருளியம்மாளுக்குத் தெரியும். பதினாலு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கவனிக்கும் ஆஷா வேலை. பைக்குள் பிரஷர் பார்க்கும் மிஷின், வாயில் கொஞ்சம் காரம். அவள் வருகிறாள் என்றாலே மாமியார்கள் ஊறுகாய் பாட்டிலை ஒளித்து வைப்பார்கள்.

மாரீஸ்வரிக்கு எட்டாம் மாதம். புருஷன் ஜெகன் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறவன். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் மலையேறிச் சூரிய உதயம் காட்டுவான். பெண்டாட்டியைச் செக்கப்புக்குக் கூட்டிப்போகும் நாளில் மட்டும் வண்டிக்கு ஏதாவது வந்துவிடும். இரண்டு செக்கப் தவறிப்போயிற்று. சுருளியம்மாள் வீடு தேடிப் போனபோது கதவு பூட்டியிருந்தது. வளைகாப்புக்குப் பட்டெடுக்க அதே ஜீப்பில் போடிக்குப் போயிருந்தார்கள்.

இன்னொரு நாள் வழியில் மறித்து, மாரீஸ்வரிக்குக் கால் வீங்கியிருக்கிறதா என்று ஜெகனைக் கேட்டாள். "அது நீர் ஒடம்புக்கா. எங்கம்மாவுக்கும் இப்டித்தான் வீங்குச்சு" என்று பெரிய டாக்டர்போல் சொல்லிவிட்டுப் போனான்.

வளைகாப்பு அமர்க்களப்பட்டது. பலூன் வளைவு, தேனியிலிருந்து போட்டோகிராபர், மேலே பறக்க ஒரு ட்ரோன். சந்தனம் பூசக் குனிந்த சுருளியம்மாள் மாரீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். உப்பிப்போயிருந்தது. வளையல் மணிக்கட்டுவரை ஏறவில்லை.

"தலை இடிக்குதுக்கா. காலைலருந்து கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியா பறக்குது."

"யார்ட்டயும் சொல்லலியா?"

"அவருட்டச் சொன்னேன். போட்டோ முடியட்டும்னாரு."

சந்தனக் கையோடு மிஷினை எடுத்துக் கட்டினாள். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து.

"ஏலே ஜெகன், வண்டிய எடு!"

"அக்கா, ட்ரோன் இன்னும் ஏறலக்கா. அரை மணி நேரந்தான்."

"உம் பொண்டாட்டிக்கு ஜன்னி வந்தா அதையும் மேலருந்து படம் புடிப்பியா?"

மாமியார் குறுக்கே வந்தாள். "அஞ்சு வகைச் சோறு சாப்பிடாமப் போனா சாங்கியம் கெட்டுப்போகும்."

"கட்டிக் குடுங்க, நர்ஸுங்க திங்கட்டும்."

மாரீஸ்வரியை ஜீப்பில் இடப்பக்கமாகப் படுக்கவைத்து, வழியெல்லாம் கையைப் பிடித்தபடி வந்தாள். முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே ஆபரேஷன். பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ. தாயும் தப்பினாள். அதைக் கேட்ட பிறகுதான் சுருளியம்மாள் கையில் காய்ந்திருந்த சந்தனத்தைக் கழுவினாள். நாலு வருஷம் முன்னால் மேல் லயத்துப் பெண்ணொருத்தி இதே ஜன்னியில் பாதி வழியிலேயே போய்விட்டாள். அப்போதும் வண்டியில் கூட உட்கார்ந்திருந்தது சுருளியம்மாள்தான்.

ஒரு மாதம் போனது. டீக்கடையில் ஜெகன் கதை சொல்லிக்கொண்டிருந்தான்: மலை வளைவுகளில் தான் ஜீப்பைப் பறக்கவிட்டது, தன் தைரியம், டாக்டரே தனக்குக் கை கொடுத்தது. கதையில் சுருளியம்மாள் எங்கேயும் இல்லை.

அவள் கடைக்குள் வந்து கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு பையைத் துழாவி, ஆணுறைப் பாக்கெட் ரெண்டை அவனுடைய டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு வருஷத்துக்கு இன்னொரு புள்ளய அவ ஒடம்பு தாங்காது. இத மாட்டுறதுக்கும் தைரியம் வேணும்லே."

கடை மொத்தமும் சிரித்தது. ஜெகன் மட்டும் டீயை ஊதி ஊதிக் குடித்தான்.