சரிவில் நிறுத்திய கார்

எங்கள் காரின் பேட்டரிக்கென்று நான் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். என் கணவர் கோடைக்கானலில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். புது பேட்டரி மாட்டிய நாளை முதல் பக்கத்தில் எழுதினேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு பத்திகள்: தண்ணீர் எவ்வளவு ஊற்றினோம், முனைகளைத் துடைத்தோமா, வாசலின் தடவினோமா, பெட்டியைப் பிடிக்கும் பட்டை இறுக்கமாக இருக்கிறதா.

இந்த நான்கையும் சொல்லிக் கொடுத்தவர் வத்தலக்குண்டில் பேட்டரி விற்றவர். "கொழாத் தண்ணி ஊத்தீராதீங்க. காய்ச்சி வடிச்ச தண்ணி மட்டுந்தான். தகடு முங்கி ஒரு வெரக்கட மேல நிக்கணும்" என்றார்.

"எத்தன வருசம் வரும்?" என்று கேட்டேன்.

"கீழ இந்த வெயிலுக்கு மூணு வருசம். ஒங்க ஊர்ல கூட ஒண்ணு வரலாம். ஆனா குளுருல அதுக்குப் பலம் பாதிதான், பாத்துக்கங்க."

வெயில் ஆயுளைத் தின்னும், குளிர் பலத்தைத் தின்னும். அதையும் எழுதி வைத்தேன். மார்கழி, தை மாதங்களில் என் கணவர் சாயங்காலம் வந்ததும் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு பலகைமேல் வைப்பார். அதன் ஆசிட் பட்டு என் புடவைகளில் மூன்று பொத்தலாகின. முனைகளில் பூத்திருக்கும் பச்சைப் பொடிமேல் வெந்நீர் ஊற்றும்போது எழும் வாசனை, காப்பி வாசனையோடு கலந்து இப்போதும் நினைவுக்கு வருகிறது.

கோடைக்கானலில் அந்நாளில் யாரும் காரை மட்டமான இடத்தில் நிறுத்த மாட்டார்கள். சரிவு பார்த்து, மூக்கு கீழ்நோக்க நிறுத்துவார்கள். காலையில் பிரேக்கை விட்டால் கார் தானாக உருளும். இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். "பேட்டரிய எதுக்குச் செரமப்படுத்தணும்?" என்பார் என் கணவர். அதுவும் ஒரு பராமரிப்பு என்றே நானும் நம்பினேன். எங்கள் காரில் எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் ஸ்டார்ட்டர் குமிழ் மட்டும் கை படாமல் புதுசாகப் பளபளத்தது.

என் தம்பிக்குப் பழனி அடிவாரத்தில் கல்யாணம். முகூர்த்தம் காலை ஏழரை மணியோடு முடிகிறது. தாலியைக் கொண்டுவர வேண்டியது அக்காளான என் பொறுப்பு. தம்பி முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற இரண்டையும் நான்தான் போட வேண்டும். முந்தின நாள் மத்தியானம் புறப்பட்டோம். பெருமாள்மலைக்குக் கீழேவரை ஒரே மூடுபனி. விளக்கைப் போட்டுக்கொண்டு, பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு, மலைக்காரர்கள் எல்லோரும் இறங்குவதுபோலவே இறங்கினோம். சமவெளி வந்ததும் கடைசிச் சரிவிலேயே எஞ்சினைக் கிளப்பிக்கொண்டார். இருட்டும் முன் பாலசமுத்திரத்தில் அவருடைய அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினோம். மேசைபோல மட்டமான தெரு.

மறுநாள் ஆறேகாலுக்கு அவர் குமிழை இழுத்தார். 'டக்' என்றது. மறுபடி இழுத்தார். அந்த 'டக்'கும் வரவில்லை.

"ஹேண்டில எடுத்து முன்னால சொருகிச் சுத்துங்க" என்றேன்.

"அது வீட்டுல கெடக்கு. பூண்டு மூட்டைக்கு எடம் வேணும்னு எறக்கச் சொன்னது யாரு?"

"எறக்கத்தான் சொன்னேன். விட்டுட்டு வரவா சொன்னேன்?"

தெருக்காரர்கள் நாலு பேர் வந்து தள்ளினார்கள். எஞ்சின் இருமியதே தவிரப் பிடிக்கவில்லை. ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏலே, இது காரா, கல்லுரலா?" என்றார். இன்னொருவர் என் கணவரிடம், "மாப்ள, மலையில வெள்ளக்காரனெல்லாம் இதத் தள்ளிக்கிட்டுத்தான் ஊரு சுத்திப் பாக்குறானா?" என்றார்.

மணி ஆறு நாற்பது. மாட்டு வண்டியில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. தாலி என் மடியில் இருந்தது.

"ஒரு சரிவு இருந்தாப் போதும்ணே" என்றார் என் கணவர்.

"இந்த ஊர்ல சரிவுக்கு எங்க போக? மேடுன்னா அது குளத்துக்கரதான்."

தெருக்கோடியில் குளம். வண்டிகள் கரையேறும் பாதை ஒன்று இருந்தது. காரின் பின்பக்கம் கயிறு கட்டி ஒரு சோடி மாட்டைப் பூட்டினார்கள். மாடுகள் இழுக்க, நாலு பேர் முன்னாலிருந்து தள்ள, கார் பின்புறமாகக் கரையேறியது. மூக்கு ஊரைப் பார்த்து நின்றது. தாலி இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன். கயிற்றை அவிழ்த்த மாட்டுக்காரர் ஜன்னலில் குனிந்து, "பிரேக்கு இருக்குல்ல? இல்ல, அதுவும் வீட்டுலதான் கெடக்கா?" என்றார்.

உருண்டோம். பாதிச் சரிவில் எஞ்சின் பிடித்தது.

ஏழு பத்துக்கு மண்டபத்து வாசலில் இருந்தோம். "வெரசா எறங்கு" என்றார்.

"நீங்க?"

"அணைச்சா மறுபடி கெளம்பாது. பொண்ணு மாப்பிள்ளைய இதுலதான கூட்டிட்டுப் போகணும்? அதுகள வச்சுத் தள்ளச் சொல்றியா? நீ போயி ஒன் சோலியப் பாரு."

காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால் எஞ்சின் தணிந்துவிடும், பேட்டரியில் ஒன்றும் ஏறாது. அதனால் மிதித்தபடியே உட்கார்ந்திருந்தார். உள்ளே கெட்டிமேளம் முழங்க, தம்பி கட்டிய தாலியில் நான் இரண்டு முடிச்சுகளைப் போட்டேன். பிறகு ஓர் இலையில் கேசரியும் பொங்கலும் எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். இடக்கையில் இலையை வாங்கிக்கொண்டார். காலை எடுக்கவில்லை.

"முடிச்ச இறுக்கமாப் போட்டியா?"

"ரெண்டும் இறுக்கமாத்தான்."

அந்த பேட்டரி மூன்று வருடம் ஐந்து மாதம் உழைத்திருந்தது. உண்மையில் அது எப்போது செத்தது என்று என் நோட்டில் இல்லை. தண்ணீர், துடைப்பு, வாசலின், பட்டை எல்லாம் ஒரு வாரம்கூட விடாமல் இருந்தன. குமிழை இழுத்தால் கிளம்புகிறதா என்று நாங்கள் பார்த்ததே இல்லை. ஊர் திரும்பிய ஞாயிறு ஐந்தாவது பத்தி போட்டேன்: 'மட்டத்தில் கிளம்பியதா?' அதற்காகவே வாரம் ஒருமுறை ஏரிச்சாலையின் மட்டமான இடத்துக்குப் போய் நிறுத்துவோம். அவர் குமிழை இழுப்பார், நான் எழுதுவேன். அடுத்த பேட்டரி நான்கு வருடம் ஆகப்போகும் சமயம் அந்தப் பத்தியில் மூன்று வாரம் தொடர்ந்து 'மெதுவாக' என்று வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அது போகவில்லை.

கல்யாணப் புகைப்படத்தில் எல்லோரும் இருக்கிறோம், அவர் ஒருவரைத் தவிர. அதைப் பார்க்கும்போதெல்லாம் தம்பி மனைவி கேட்பாள்: "அண்ணே, நீங்க எங்க கல்யாணத்துக்கு வந்தீங்களா இல்லையா?"

"தாலி கட்டுறப்ப மேளத்தோட ஒரு எஞ்சின் சத்தம் கேட்டுச்சுல்ல?" என்பார். "அது நாந்தான்."