சித்ராதேவி நிறுத்திய மாத்திரை

எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் சித்ராதேவியைப் போல ஓட்டை கண்டுபிடிக்க ஆள் கிடையாது. வெளிச்சத்துக்கு நேராகத் துணியைத் தூக்கிப் பிடிப்பாள். ஊசிமுனைத் துளைகூடத் தப்பாது. ஆனால் மாதத்தில் இரண்டு மூன்று முறை, தூக்கிய கை அப்படியே நின்றுவிடும். முகத்தில் ஒரு சிரிப்பு மெல்லப் பரவும். கனவு காண்கிறாள் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். அரை நிமிடத்தில் திரும்பி வந்து அடுத்த பீஸை எடுப்பாள்.

எங்கே போய்வருகிறாள் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். முதலில் டியூப்லைட் வெளிச்சம் பால் மாதிரி இளகுமாம். மெஷின் சத்தமெல்லாம் தூரத்து மழையாகிவிடுமாம். அப்புறம் காதோரம் தரணீதரன் பேசுவாராம். அவள் புருஷன், மங்கலம் ரோட்டு விபத்தில் போய் மூன்று வருடம் ஆகிறது. என்ன பேசுகிறார் என்பது விளங்காதாம், குரல் மட்டும் அவருடையதாம். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தும் என் காதோரம் வந்து பேசியதில்லை.

போன ஆடியில் ஒரு நாள் அவள் திரும்பி வரவில்லை. கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. சாவிக்கொத்து தேட எனக்குப் பொறுமை ஏது? டேபிளில் கயிறு போட்டுக் கட்டியிருந்த, நூல் வெட்டும் டிரிம்மர் கத்திரியை இழுத்து அவள் உள்ளங்கையில் திணித்தேன். விரல்கள் இறுகின. வெள்ளை பீஸ்களின் மேல் ரத்தம் சொட்டியபோதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் ஆறு தையல். டாக்டரம்மா என்னைத் திட்டியது நியாயம்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே போதும், கையில் எதையும் கொடுக்கக் கூடாது என்றார். பிறகு, ஏற்கெனவே தன்னிடம் வலிப்புக்கு வைத்தியம் பார்த்துவரும் சித்ராவிடம், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டார். அவள் தலை குனிந்தாள். முன்பெல்லாம் விட்டுவிட்டுப் போட்டவள், இரண்டு மாதமாக அடியோடு நிறுத்தியிருக்கிறாள். மாத்திரை போட்டால் அவர் வருவதில்லையாம்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. மூளையில் ஒவ்வொரு நரம்பின் நுனியிலும் குட்டிக் குட்டிப் பைகள் இருக்கின்றன, பக்கத்து நரம்புக்குச் சொல்ல வேண்டிய சேதி ரசாயனமாக அவற்றில் நிரம்பியிருக்கிறது என்று விளக்கினார். பைகளை விளிம்புக்குக் கொண்டுவந்து திறக்கச் சில புரதங்கள். எப்போது, எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளச் சில புரதங்கள். நரம்புகள் கூட்டமாகக் கட்டுமீறிக் கொட்டினால் அது வலிப்பு. சித்ராவின் மாத்திரை பையின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், கொட்டுவது அடங்கும். எப்படி அடங்குகிறது என்பது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை என்றும் ஒத்துக்கொண்டார். ஷிப்ட் விடும்போது வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்தி ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான் என் நினைவுக்கு வந்தது.

சித்ரா கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அவரு மட்டும் வர்ற அளவுக்கு மாத்திரையக் கொறைச்சுக் குடுக்க முடியுங்களா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் குரலே வலிப்பின் தொடக்கம்தான், புரதத்துக்கு ஆள் பார்த்து விடத் தெரியாது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த முறை அடுப்படியில் விழுந்தால், பள்ளிக்கூடம் விட்டு வரும் அவள் மகள் வர்ஷினிதான் முதலில் பார்ப்பாள். நான் அதைச் சொல்லவில்லை, சித்ராவே சொன்னாள். அன்றே மாத்திரையை ஆரம்பித்தாள்.

ஆறு மாதமாக வலிப்பு இல்லை. நேற்று டீ நேரத்தில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நான் பதறிப்போய்த் தோளைப் பிடித்தேன்.

"அது இல்லீங்கக்கா," என்றாள். "நானாத்தான் நெனச்சுப் பாக்கறேன். மொகம் வருதுங்க. கொரல்தான் வரமாட்டேங்குது."