சுண்ணாம்பு படாத கால்சட்டை

பதினொரு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கால்பந்துக் கிளப்பின் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர் முதன்முதலாக அண்ணியின் சலவைக்கடைக்கு வந்தார். தோளில் மூட்டை. அன்றிலிருந்து அவர் பெயர் மூட்டைக்காரர். அன்றைய பேச்சு நாத்தனாருக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள், ஞாயிறுதோறும் அண்ணனின் மனைவிக்கு ஒத்தாசையாகத் துணி பிரிப்பாள். அன்றும் மேசைக்கு மறுபக்கம் நின்றிருந்தாள்.

அண்ணி மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்பதாம் எண் ஜெர்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பினாள்.

“அண்ணே, இது துவைச்சதா, துவைக்கணுமா?”

“நேத்து ஆடினதும்மா. தொண்ணூறு நிமிஷமும் மைதானத்துலதான் இருந்தான்.”

“எந்த மைதானத்துல?”

மூட்டைக்காரர் கூரையைப் பார்த்தார்.

“நேத்து எத்தனை கோல்?”

“அஞ்சு.”

“நாம போட்டதா?”

“வாங்கினது.”

அண்ணி மூட்டைக்குள் கையை விட்டுக் கோல்கீப்பரின் சட்டையை இழுத்தாள். கழுத்திலிருந்து கீழ்வரை சேறும் சுண்ணாம்புமாக இருந்தது.

“பாவம், அந்த வீட்ல இவர் ஒருத்தர்தான் வேலைக்குப் போறார் போல.”

“நீ கால்பந்து பாப்பியாம்மா?”

“இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்.”

அண்ணி அந்தக் கிளப்பின் ரசிகையானது இப்படித்தான். ஆட்டங்கள் சனிக்கிழமைகளில் நடக்கும். சனிக்கிழமைகளில்தான் ஆஸ்பத்திரி விரிப்புகள் வந்து குவியும். அதனால் பதினொரு வருடத்தில் அவள் நேரில் பார்த்தது இரண்டே ஆட்டங்கள். இரண்டிலும் யாரும் கோல் போடவில்லை. கடையில் உட்கார்ந்து துணியைப் பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்குமே என்றாள்.

துணியைப் பார்ப்பது வேலையின் ஒரு பகுதி. மைதானத்துக் கோடுகளைச் சுண்ணாம்புத் தூளால் போடுவார்கள். அது ஒட்டிய துணியை அப்படியே தண்ணீரில் போட்டால் கறை ஊறிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிரஷ்ஷால் முதலில் தட்டிவிட வேண்டும். ஆகவே ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்த்தாக வேண்டும். கோலுக்கு முன்னால் கோடுகள் நெருக்கம். அங்கே போய் விழுந்து எழுந்தவன் துணியில் சுண்ணாம்பு இருக்கும். இல்லையென்றால் அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அண்ணியின் கால்பந்து ஞானம் இவ்வளவுதான். பல ஸ்ட்ரைக்கர்களுக்கு இந்த அளவுகூட இல்லை என்பது அவள் கட்சி.

இந்த சீசனில் பதினேழு ஆட்டங்களுக்கு மூன்று ஸ்ட்ரைக்கர்களும் சேர்ந்து போட்டது நாலு கோல். இப்போதைய ஒன்பதாம் எண்ணுக்கு அண்ணி வைத்த பெயர் விருந்தாளி. “வந்தார், இருந்தார், போனார். இஸ்திரி மடிப்புகூடக் கலையல.” பதினொன்றாம் எண் வக்கீல். எப்போதும் பின்புறத்தில் மட்டும் சேறு. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து நடுவரிடம் வாதாடுகிறவன். “வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டறான்.” பத்தாம் எண் தபால்காரர். காலரில் உப்புப் பூத்திருக்கும், சுண்ணாம்பு மட்டும் இருக்காது. “தெருத்தெருவா ஓடறான். ஒரு கதவைத் தட்டினானா?” நாலு கோலில் ஒன்று விருந்தாளியின் முதுகில் பந்து பட்டு உள்ளே போனது. அந்த வட்டத் தடத்தை அண்ணி பிரஷ் போடாமல் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

பாதி சீசனில் நாலாவதாக ஒருவன் வந்து சேர்ந்தான். பத்தொன்பதாம் எண். அண்ணியின் மகன்.

முதல் வாரம் அவன் கால்சட்டையை அவள் விரித்தாள், பார்த்தாள், மடித்து ஓரமாக வைத்தாள். பெயர் வைக்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. நாத்தனாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்தக் கால்சட்டையில் எதுவும் இருந்ததில்லை.

சீசன் முடிய இரண்டு ஆட்டங்கள் இருக்கும்போது மூட்டைக்காரர் ஒரு செய்தியோடு வந்தார்.

“கோச் கேட்டுட்டு வரச் சொன்னார்மா. நாலு பேர்ல ரெண்டு பேரைத்தான் வெச்சுக்கப் போறாங்களாம்.”

“அதுக்கு என்கிட்ட எதுக்குக் கேக்கணும்?”

“ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தன் ஒரு பக்கமாவே விழறான், முட்டியைப் பாருங்கன்னு சொன்னியே. பாத்தா நிஜமாவே முட்டி போயிருந்துது. அதுலேருந்து அவருக்கு உன் பேச்சுதான் வேதம். அடுத்த வாரம் ஒரு வார்த்தை சொல்லிடு.”

அவர் வாய் சும்மா இருக்காது. கிளப்பில் இது மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு பத்தொன்பதாம் எண் கால்சட்டையில் சுண்ணாம்பு இருந்தது. இரண்டு தொடையிலும், பளிச்சென்று. அண்ணியின் முகம் மலர்ந்ததை நாத்தனார் பார்த்தாள். பிரஷ்ஷை எடுத்த கை பாதியில் நின்றதையும் பார்த்தாள். அண்ணி கால்சட்டையை மேசையில் விரித்து, வெள்ளைத் தடத்தின்மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். நாலு விரலும் அதில் பொருந்தின. கொஞ்சம் மிச்சமும் இருந்தது. மகனின் கை பெரியது.

“விழுந்திருப்பான் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

“விழுந்தா புல்லும் சேர்ந்துதானே வரும். எங்க பச்சை?”

நாத்தனார் தேடினாள். பச்சை இல்லை.

“சின்ன வயசுல பிரஷ்ஷைத் தண்ணில நனைச்சு வெச்சுட்டு, பல் தேய்ச்சாச்சும்மான்னு வந்து நிப்பான். பேஸ்ட் வாசனையே இருக்காது. அப்பவும் தொழில் சுத்தம் கிடையாது.”

வாசலில் மூட்டைக்காரர் காத்திருந்தார். அண்ணி போய் மூன்று பேரைப் பற்றியும் வழக்கம்போல் சொன்னாள். விருந்தாளியை வழியனுப்பி வைக்கலாம். வக்கீலுக்கு வேறு தொழில் இருக்கிறது. தபால்காரரை வைத்துக்கொள்ளலாம், ஓடுகிறவனுக்கு முகவரி சொல்லிக் கொடுத்தால் போதும்.

“பத்தொன்பது?”

“இன்னும் ஒரு ஆட்டம் இருக்கில்ல. அது முடியட்டும் அண்ணே.”

பதினொரு வருடத்தில் அவள் தவணை கேட்டது அன்றுதான். திரும்பி வந்து, அந்தச் சுண்ணாம்பைப் பிரஷ்ஷால் தட்டினாள். தரையில் விழுந்ததைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளினாள். மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு, கண்ணாடிக் கதவுக்குள் சுற்றும் துணிகளைப் பார்த்தபடியே சொன்னாள்:

“அடுத்த வாரம் பத்தொன்பதை மட்டும் நீ பிரி. இத்தனை வருஷமா பக்கத்துல நிக்கறே, உனக்கும் பாக்கத் தெரியும். உள்ளதை உள்ளபடி அவர்கிட்ட சொல்லிடு, அத்தைன்னு பாக்காதே. என்கிட்ட மட்டும் வந்து சொல்ல வேண்டாம்.”