படுக்கையறைக்கு வந்த நீரூற்று

எங்கள் சபையில் மாதம் ஒருமுறை தம்பதியர் கூட்டம் நடக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, கணவன் மனைவிகளை மட்டும் உட்காரவைத்து யாராவது பேசுவார்கள். கோபத்தை அடக்குவது எப்படி, இரண்டு பக்கத்துச் சொந்தங்களையும் சமாளிப்பது எப்படி என்று வழக்கமாகப் போகும். போன வருடம் ஒரு மாதம், வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தருகிற ஒரு பெண்மணியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"எல்லாரும் கண்ணை மூடி உங்க பெட்ரூமை நினைச்சுப் பாருங்க," என்றார் அவர். "அங்க கண்ணுக்கு என்ன தெரியுது? என்ன வாசனை வருது? என்ன சத்தம் கேக்குது?"

நான் கண்ணை மூடினேன். மடிக்காத துணி ஒரு குவியல் தெரிந்தது. தலைவலித் தைலம் மணத்தது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கேட்டது.

"ஐம்புலனும் விழிச்சுக்கிட்டா அன்பு தானா வரும். பெட்ரூம் உங்களைத் தொடணும்!" என்று அவர் முடித்தபோது ஆயர் ஒருமுறை இருமிவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

கண்ணைத் திறந்தால் பக்கத்தில் என் கணவர் எழுதிக்கொண்டிருந்தார். பிரசங்கத்தில் ஒரு வரி குறிப்பெடுத்து நான் பார்த்ததில்லை. இப்போது காணிக்கைக் கவரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, கண், மூக்கு, காது, நாக்கு, தோல் என்று வரிசையாக எழுதி, எதிரே டிக் அடிக்க இடமும் விட்டிருந்தார்.

அவருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. காலை முதல் மாலை வரை ஒரு வளையம் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பார். எனக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். நாங்கள் பேசிக்கொள்வது ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கிற மாதிரி ஆகியிருந்தது. "கேஸ் சொல்லியாச்சா?" "சொல்லியாச்சு." "மோட்டார்?" "நிறுத்தியாச்சு." அது எனக்குப் பழகிவிட்டது. அவருக்குப் பழகவில்லை என்பது அந்தக் கவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதனால் சிரிக்காமல் இருந்தேன். முதல் வாரம் வரைக்கும்.

முதலில் விளக்கு வந்தது. ரிமோட்டில் அழுத்தினால் பதினாறு நிறம் மாறுகிற பல்பு. அவர் நீலத்தை அழுத்தி, "எப்படி இருக்கு?" என்றார்.

"பிணவறை மாதிரி இருக்குங்க."

மஞ்சளை அழுத்தினார். அவர் முகத்தை அந்த வெளிச்சத்தில் பார்த்ததும் என்னால் வாயை அடக்க முடியவில்லை. "உங்களுக்கு மஞ்சள் காமாலை. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க, ரத்தம் எடுத்துடலாம்."

ரோஸ் நிறம் பரவாயில்லை என்று முடிவானது. அதில் நாங்கள் இருவரும் கேக் மேல் வைத்த பொம்மைகள் போல இருந்தோம்.

அடுத்து மூக்கு. தண்ணீரில் எண்ணெய் விட்டால் புகை மாதிரி ஊதுகிற ஒரு சாதனம் வாங்கி வந்து, கண்ணை மூடி மோந்து பார்க்கச் சொன்னார். மோந்தேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் தரை துடைக்கும் திரவத்தின் அதே வாசனை. எனக்கு டியூட்டிக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. கையில் உறை மாட்டாததுதான் குறை. வேறு எண்ணெய் மாற்றிப் பார்த்தார். அது அவருக்கே ஆகவில்லை. பதினொரு தும்மல் வரை நான் எண்ணினேன். சுவைக்காகக் கட்டில் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்த சாக்லேட்டை எறும்புகள்தான் ருசித்தன.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனார். அந்தச் சந்தையில் கிடைக்காத பொருள் கிடையாது என்பார்கள். அதை நிரூபிக்கிற மாதிரி மூன்று பொருள்களோடு திரும்பினார். ஒன்று, வெயிலை ஒரு பொட்டு உள்ளே விடாத கருஞ்சிவப்புத் திரைச்சீலை. இரண்டாவது, ரோமம் ரோமமாய் ஒரு வெள்ளை விரிப்பு. எங்கள் பத்து வயது மகள் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது செத்துப்போச்சா?" என்று கேட்டாள். பிறகு அதைக் காலைப் பிடித்து இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். விரிப்பு திரும்பி வரவே இல்லை.

மூன்றாவதுதான் நீரூற்று. ஒன்றரைச் சாண் உயரத்துக்குப் பாறை மாதிரி செய்த பிளாஸ்டிக். மூன்று படியாகத் தண்ணீர் விழும். உச்சியில் இரண்டு அன்னங்கள் அலகோடு அலகு வைத்து நிற்கும். உள்ளே ஒரு பச்சை விளக்கும் சின்ன மோட்டாரும் உண்டு. மோட்டாருக்கு அளவுதான் சின்னது, குரல் சின்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோதனை ஓட்டம். மகளைப் பல்லாவரத்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு அவரே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். திரைச்சீலை மூடியாயிற்று. ரோஸ் விளக்கு போட்டாயிற்று. நீரூற்றைச் சுவரோரம் வைத்து, கட்டிலுக்குப் பின்னால் இருந்த பிளக்கில் எட்டிச் சொருகினார். அப்புறம் குளித்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போடுகிற பட்டு வேட்டி சட்டையில் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"சத்தம் எப்படி? அருவிக்கரையில உக்காந்த மாதிரி இல்ல?"

நான் மனமார முயன்றேன். "நல்லாதாங்க இருக்கு. ஆனா எனக்கு பாத்ரூம் வருது."

போய்விட்டு வந்தேன். உடனே அவர் போனார். அவர் வந்ததும் நான் மறுபடி போனேன். அன்பு வரும் வழியில் இப்படி ஒரு வரிசை நிற்கும் என்று அந்தப் பெண்மணி சொல்லவில்லை.

எங்கள் காலடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் இருப்பது முடிச்சூரில், முதல் மாடியில். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் குடிவந்தவர்கள். கீழ்த்தளத்து அக்கா வெள்ளத்துக்கு முன்பே இருந்தவர். இடுப்பளவு தண்ணீரில் குளிர்சாதனப் பெட்டி மிதந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர். எங்கேயாவது தண்ணீர் சலசலத்தால் போதும், அவர் கைகள் தாமாகவே சாமான்களை எடுத்து மேலே வைக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்குத் தலைக்கு மேலே, சுவருக்குள், ஒரு மணி நேரமாகத் தண்ணீர் ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது. அரிசி மூட்டையைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குப் போன் போட்டிருக்கிறார். செயலாளர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். எதையும் தாமதிக்க மாட்டார். மொட்டை மாடியில் தொட்டிக் குழாயை மாற்றிக்கொண்டிருந்த பிளம்பரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அழைப்பு மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன்.

"உங்க வீட்ல எங்கேயோ பைப் உடைஞ்சிருக்கும்மா," என்றார் செயலாளர்.

"அதெல்லாம் இல்ல சார்," என்றேன்.

"இல்லன்னா? எனக்குக் கேக்குதே! இங்க நின்னாலும் கேக்குதே!" என்றார் அக்கா. உண்மைதான், வாசலிலேயே கேட்டது.

பேசிக்கொண்டே மூவரும் உள்ளே வந்துவிட்டார்கள். இதற்குள் என் கணவர் பதறிப்போய், நீரூற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடியிருந்தார். மோட்டாரை நிறுத்த வேண்டுமானால் கட்டிலுக்குப் பின்னால் கைவிட வேண்டும். அதற்கு நேரமில்லை. ஆகவே ரோஸ் வெளிச்சத்தில், பட்டு வேட்டியில், ஒன்றும் அறியாதவர் போல நின்றார். அறை முழுக்கத் தண்ணீர் ஓடியது. தண்ணீர் எங்கேயும் இல்லை.

"எங்கயாச்சும் கிளம்பிகினு கீறீங்களா சார்?" என்று பிளம்பர் கேட்டார்.

"ஆமா... இல்ல," என்றார் இவர்.

பிளம்பர் திரைச்சீலையை ஒரே இழுப்பில் திறந்தார். சுவரில் காதை வைத்தார். கையைக் காட்டி எல்லாரையும் அமைதியாக்கினார். "உள்ளதான் ஓடுது. நல்லா ஃபோர்ஸா ஓடுது. இத்த விட்டா செவுரு ஊறிப்பூடும் சார்." பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். மானமா சுவரா என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அதற்கு முந்தின வருடம்தான் அந்தச் சுவருக்கு வர்ணம் அடித்திருந்தோம். உளி சுவரைத் தொட்டது.

"அண்ணா, நிறுத்துங்க!" என்றேன். "சுவர்ல இல்ல. கட்டிலுக்கு அடியில."

பிளம்பர் கட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அறையின் நடுவுக்கு இழுத்தார். போர்வைக்குள்ளிருந்து பச்சையாக ஏதோ மினுங்கியது, முனகியது. அக்கா, "ஆண்டவரே!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் தன் கையிலிருந்த குடை நுனியால் போர்வையைத் தூக்கினார். அன்னங்கள் இரண்டும் அலகைப் பிரிக்காமல் எங்களைப் பார்த்தன.

 என் கணவர் தாழ்ந்த குரலில், "சபையில சொன்னாங்க," என்றார்.

முதலில் சிரித்தது அக்காதான். கட்டிலில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்தி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாவி, நான் அரிசி மூட்டையத் தூக்கிட்டேன்டா! இருவத்தஞ்சு கிலோ!" என்று கண்ணீரோடு சொன்னார். அவரைப் பார்த்து எனக்கும் தாங்கவில்லை. செயலாளர் மட்டும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "சங்க விதிகள்ல இதப்பத்தி ஒண்ணும் இல்ல," என்றார்.

"இத்த எதுக்கு சார் பெட்ரூம்ல வெச்சிகினு?" என்றார் பிளம்பர்.

"மனசுக்கு அமைதியா இருக்கும்னு..."

"இருந்துச்சா?"

இவர் யோசித்துவிட்டு, "இல்ல," என்றார்.

வந்தவர்களை அப்படியே அனுப்ப முடியுமா? டீ போட்டேன். கொண்டு வந்தால் எல்லாரும் இன்னும் படுக்கையறையிலேயே இருந்தார்கள். பிளம்பர் நீரூற்றின் வயிற்றைத் திறந்து மோட்டாரை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஜன்னலோரம் மட்டும் வெளிச்சம் இருந்ததால் விளக்கை யாரும் அணைக்கவில்லை. ரிமோட் எப்படியோ செயலாளர் கைக்குப் போயிருந்தது. பதினாறு நிறத்தையும் ஒன்று விடாமல் அழுத்திப் பார்த்தார். "அந்த ரோஸ் நல்லா இருந்துச்சு சார், அதையே வைங்க," என்று அக்கா டீயை ஊதிக்கொண்டே சொன்னார். அதையே வைத்தார்.

அவர்கள் போனபோது மணி நான்கு இருக்கும். அக்கா கேட்டுக்கொண்டதால், அரிசி மூட்டையை இறக்கி வைக்க என் கணவரும் கீழே போனார். திரும்பி வந்தவர் வேட்டியைக்கூட மாற்றாமல் கட்டிலில் விழுந்தார். நானும் பக்கத்தில் விழுந்தேன். கட்டில் பிளம்பர் இழுத்துவிட்ட இடத்திலேயே, கோணலாக, ஜன்னலைப் பார்த்துக் கிடந்தது. அந்த அறையில் அந்த ஜன்னலை நாங்கள் படுத்தபடி பார்த்ததே இல்லை. எதிரே விற்காமல் கிடக்கும் காலி மனை. மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓர் எருமை. அதன் முதுகில் ஒரு கொக்கு.

"அந்த ஆளு உளிய எடுத்தப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நீங்க 'ஆமா, இல்ல'ன்னீங்களே, அப்பத்தான் எனக்கு உயிரே போச்சு," என்றேன்.

மறுபடி சிரித்தோம். பிறகு அவர் தொழிற்சாலையில் புதிதாக வந்த மேலதிகாரியைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதரால் இரண்டு மாதமாகப் படுகிற பாட்டை அன்றுதான் எனக்குச் சொன்னார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். "எப்ப சொல்றது?" என்றார். ஊசியைப் பார்த்ததும் என் மேலேயே மயங்கி விழுந்த ஒரு பயில்வானைப் பற்றி நான் சொன்னேன். எருமை எழுந்து போய்விட்டது. அவர் கை எப்போது என் கைக்குள் வந்தது என்று நான் கவனிக்கவில்லை. எண்ணெயும் இல்லை, அருவியும் இல்லை. அவர் சட்டையில் அக்கா வீட்டு அரிசி வாசனை மட்டும் கொஞ்சம் இருந்தது.

ஆறு மணிக்கு என் தம்பி மகளைக் கொண்டுவந்து விட்டான். அவள் அறை வாசலில் நின்று, "கட்டில் ஏன் நடுவுல இருக்கு?" என்றாள்.

"பிளம்பர் வந்தாரு," என்றார் அவள் அப்பா, அதுவே போதுமான பதில் என்பதுபோல.

கட்டில் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அது தடுப்பதால் பீரோவின் ஒரு கதவு பாதிதான் திறக்கும். காலையில் கையை உள்ளே விட்டுத் துழாவி, சிக்கிய சட்டையை உருவிப் போட்டுக்கொண்டு போகிறார். நானும் பக்கவாட்டில் நடந்து, முட்டியை இடித்துக்கொண்டுதான் தினமும் பெருக்குகிறேன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் ஒரு வளையத்தைத் தூக்கி எறிகிற மனிதர், அந்தக் கட்டிலை நேராக்கச் சொல்லி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.