சங்கிலிப் பிடியில் அம்மாவின் கை

முதல் வலி ஆட்டத்தின் நடுவில் வந்தது. கபடியில் எதிரணிக்காரி பாடி வரும்போது, பக்கத்தில் நிற்பவளோடு கைகோத்து நிற்போம். அதற்குப் பெயர் சங்கிலி. என் சங்கிலி செல்வி. விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்து அணியிலிருந்தே அவள் இடது கையில்தான் என் வலது கை. பிடிக்கலாம் என்றால் என் விரல்களை ஒருமுறை அழுத்துவாள். அன்றும் அழுத்தினாள். நான் போட்ட சத்தத்தில் பாடி வந்தவளே திகைத்து நின்றுவிட்டாள்.

"இன்னாடி ஆச்சி? லேசாத்தான அமுக்கினேன்?" என்றாள் செல்வி.

சுளுக்கு என்றேன். கபடிக்காரிகளுக்கு எல்லா வலியும் சுளுக்குதான். ஸ்ப்ரே அடித்தேன், துணி சுற்றினேன், சுளுக்கு வழிப்பவரிடம் எண்ணெய் போட்டு இழுத்துக்கொண்டேன். ஆட ஆட வலி விட்டுவிடும் என்பது எங்கள் வேதவாக்கு. வலது கையைப் போலவே இடது கையும் அதே விரல் கணுக்களில் வீங்கியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டு கையிலும் ஒரே இடத்தில் யாருக்கும் சுளுக்காது. உங்களுக்கும் இப்படி இருந்தால், காலையில் விரல்களை மடக்க நெடுநேரம் பிடித்தால், எண்ணெயைத் தூர வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில், கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை மாட்டிக்கொண்டு போய்வந்தேன். ஒருநாள் காலை வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த அப்பா தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"உங்கம்மா இப்பிடித்தாம்மா புடிப்பா."

அப்போதுதான் கவனித்தேன். விரல்களை விட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளால் டம்ளரை அணைத்துத் தூக்கியிருந்தேன். அம்மா கூலிக்கு மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கப் போனவள். அவள் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோயின. வாயு என்றார்கள். தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனாள். அவள் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. டம்ளரை அப்படிப் பிடிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கை தானாகச் செய்தது. அன்றே டாக்டரிடம் போனேன்.

டாக்டரம்மா என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் முடக்குவாதம் என்றார் (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்).

"வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"எங்கம்மாவுக்கு, மேடம். ஆனா யாருகிட்டயும் காட்டல."

மெத்தோட்ரெக்சேட் (அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை) எழுதினார். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான், தினமும் போட்டால் ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னார். நான் கபடியைப் பற்றிக் கேட்டேன்.

"வீக்கம் அடங்கற வரைக்கும் வேணாங்க. அதுக்காக சும்மா உக்காந்துடாதீங்க. நடங்க, தசைய பலப்படுத்துங்க. அப்பறம் பாக்கலாம்."

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஆடிக்கினே இருந்தா கை போயிடும்மா. உங்கம்மா வேலய உடவேயில்ல, அதான் கோணிக்கிச்சி."

"அம்மா கை வேலையால போவலப்பா. மருந்து இல்லாமதான் போச்சி."

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மாத்திரை போட்ட மறுநாள் குமட்டும். தலைமுடி கொட்டியது. அதைவிட மோசம் விடிகாலை. கண் திறக்கும் முன்பே போர்வைமேல் இரண்டு கைகள் கிடப்பது தெரியும். அவை என்னுடையவையா, அம்மாவுடையவையா என்றுதான் தெரியாது. கண் திறந்து பார்க்கப் பயந்து அப்படியே படுத்திருப்பேன்.

மெல்ல மெல்ல வீக்கம் அடங்கியது. போட்டி வேண்டாம், பயிற்சியில் மட்டும் பார்த்து ஆடுங்கள் என்றார் டாக்டரம்மா. செல்வி அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். "இனிமே மணிக்கட்டுக்கு மேல புடிக்கிறேன். அமுக்க மாட்டேன், முழங்கையால ஒரு இடி. அதான் சைகை, சரியா? பேஜாரு புடிச்சவளே, அழுவாத."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மைதானத்துக்கு வந்தார். களத்து மண்ணுக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இறங்கும் முன் நாங்கள் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். குனிந்து உள்ளங்கையை அழுத்தி வைத்தேன். எடுத்தபோது ஈர மண்ணில் தடம் பதிந்திருந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் கொஞ்சம் வெளியே சாய்ந்திருந்தன.

அப்பா கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தார்.

"ரெண்டு வெரலுதான் சாஞ்சிருக்குது. அவளுக்கு எல்லாமே சாஞ்சிடுச்சி." பிறகு என்னைப் பார்த்தார். "போம்மா. போய் ஆடு."

எதிரணிக்காரி பாடி வந்தாள். செல்வி முழங்கையால் இடித்தாள். பாய்ந்தோம். ஆட்டத்தில் எல்லோர் காலும் அந்தத் தடத்தின்மேல் விழுந்தது. நானும் மிதித்தேன்.

மறுநாள் விடிகாலை, கண் திறக்கும் முன் விரல்களை மடக்கிப் பார்த்தேன். மெதுவாக மடங்கின. தினமும் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறேன். அவை மடங்கினால், இன்றைக்கு இந்தக் கைகள் என்னுடையவை.